பாடை திரும்பும் தட்டு

இரும்பில் இரும்பு மோதிய சத்தம் வந்தபோது நான் தம்பி வீட்டுப் பின்வாசலில் காப்பியோடு நின்றிருந்தேன். கல்லில் மோதியிருந்தால் சத்தம் அங்கேயே செத்திருக்கும். இது சாகவில்லை. மரவள்ளிக் கொல்லைக்கு அடியில் நீளமாக ஓடியது. ஓடி, மேற்கே, மலை நிற்கும் திசையில் போய்த்தான் அடங்கியது. டம்ளரைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு நடந்தேன். ஒரு சத்தம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் உட்காரத் தெரியாத கால்கள் எனக்கு.

ஊருக்கு நான் வந்தது கையெழுத்துப் போட. அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது. நிலம் முழுக்கத் தம்பி பேருக்கு மாற வேண்டுமானால், கூடப் பிறந்தவள் தன் பங்கை விட்டுவிட்டதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து அக்கா தங்கைகள் எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. காட்டின இடத்தில் கையெழுத்து, கட்டைவிரல் ரேகை, ஒரு புடவை, திரும்பிப் போக பஸ். நானும் அப்படித்தான் வந்திருந்தேன். பத்திரம் டைப் அடித்து என் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் பதிவு.

நிலம் இரண்டு துண்டு. நடுவில் ஒரு பாட்டை. வண்டி அகலம், இரண்டு பக்கத்து வயலையும் விட முழங்கால் உயரம் மேடு. காலனி சனங்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை இடுகாட்டுக்குப் போவது அந்த வழியாகத்தான். வேறு காரியத்துக்கு அதில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மற்ற எல்லாத் தடையையும் மீறிய நான், இதை மட்டும் மீறத் தோன்றாமலே ஐம்பதைத் தொட்டிருந்தேன். ஏன் என்று யோசித்தால் பெருமையாக ஒன்றும் வரவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த மேட்டைத்தான் தம்பி இப்போது வழித்துக்கொண்டிருந்தான். இரண்டு துண்டையும் ஒன்றாக்கி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, ஒரே வீச்சாக மரவள்ளி ஊன்ற வேண்டும் என்று அவனுக்கு. பட்டாவில் பாட்டை என்ற ஒன்று கிடையாது. எல்லாம் அப்பா பேரில் ஒரே நம்பர்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொக்லைன் மூச்சு நின்று நின்றிருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி வாளியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனார்பாளையத்துக்காரர், ஒல்லியான ஆள்.

"பல்லு போச்சுங்க" என்றார் தம்பியைப் பார்த்து.

"உனுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தாங்க. எனுக்குப் போனா இன்னா, கஞ்சி குடிச்சிக்கினு கெடப்பேன்."

பாட்டையின் குறுக்கே இடுப்பளவு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் சுவரில், செம்மண்ணிலிருந்து இரண்டு இரும்புகள் நாக்கை நீட்டியதுபோல் நீண்டிருந்தன. நான் பள்ளத்தில் இறங்கினேன். தண்டவாளம். ஆனால் சின்னசேலம் ஸ்டேஷனில் பார்க்கிற தண்டவாளத்தின் குட்டி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே முழங்கையை வைத்து, பூக்காரி அளப்பதுபோல் அளந்தேன். ஒன்றரை முழத்துக்கும் கொஞ்சம் கம்மி. இவ்வளவு குறுகலான பாதையில் எது ஓடியிருக்கும்?

"வெள்ளக்காரன் போட்ட ட்ரால்லி லைனுக்கா" என்றான் தம்பி. "மலையில இருந்து கட்ட இறக்கறதுக்கு. அப்பா சொல்லிக்கினு இருப்பாரு. எல்லாத்தையும் எப்பவோ புடுங்கிக்கினு போயிட்டானுங்கன்னு நெனச்சேன்."

ஓட்டுநர் மண்ணைத் துப்பினார். "கள்ளக்குறிச்சிக்கு ரயிலு வருது வருதுன்னு எங்க ஊரு வழியா வேலை நடந்துக்கினே இருக்குது. இங்க இன்னாடான்னா, ரயிலு வந்துட்டே போயிடுச்சா!"

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏற்கெனவே மேட்டில் ஏறி, மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தேன்.

புல்லுக்குள்ளே இரும்பு ஒளிந்து ஒளிந்து வந்தது. சில இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. சில இடத்தில் செருப்பைத் தட்டினால்தான் பதில் சொன்னது. நடக்க நடக்க, ஊர் என் தலைக்குள் ஒவ்வொன்றாகக் கழன்று வேறு மாதிரி பூட்டிக்கொண்டது. எங்கள் மாட்டுக்கொட்டகை உத்தரம் இந்த இரும்பு. பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கிய துண்டு இந்த இரும்பு. கிணற்றில் நீர் இறைக்கும் கவலையைக் கட்டியிருந்த குறுக்குக் கம்பி, கொல்லைக்குக் கொல்லை வேலிக்கால், கடைத்தெரு ஓரம் பழைய தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கால். கடைத்தெரு மட்டும் இந்தச் சின்ன ஊருக்கு ஏன் அவ்வளவு அகலம் என்று நான் கேட்டதே இல்லை. கட்டைகள் வந்து குவிந்த யார்டு அது. ஒரு ரயிலடி ஊரில் பிறந்து, அதன் எலும்பில் மாடு கட்டி, அதன் எலும்பை அடித்துப் பள்ளிக்கூடம் விட்டு, வளர்ந்து, வெளியேறி, கண்டதையும் எழுதி, இந்த ஊர் ஒரு ரயிலடி என்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பாட்டை ஓரிடத்தில் ஓடைப் பக்கம் சடாரென்று மடங்குகிறது. வளைவு இல்லை, மூலைமட்டம் வைத்ததுபோல் மடக்கு. அந்த மூலையில் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே அது கிடந்தது. வட்டமான இரும்புத் தட்டு. மூன்றரை முழ அகலம் இருக்கும். மேலே கூட்டல் குறி போட்டதுபோல் இரண்டு ஜோடிக் குட்டித் தண்டவாளம். வந்த வண்டியைத் தட்டின்மேல் நிறுத்தி, தட்டோடு திருப்பி, ஓடைப் பக்கத்துப் பாதையில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் உடைந்த சட்டி, காய்ந்த சாமந்தி, மண்ணோடு மண்ணாகப் பொரி.

தட்டின் நடுக் குழியும் விளிம்பும் ஈரமாகப் பளபளத்தன. தொட்டேன். பிசுக்கு. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

"தொடாதக்கா!"

தம்பி ஓடி வந்தான். எட்டு வயசுக்கு அப்புறம் அவன் ஓடி நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, மண்ணை அள்ளி என் விரல்களில் தேய்த்தான்.

"செய்வின வச்சிருக்கானுங்க. புரியலையா? மூணு நாளா பாக்கறேன். காலையில வந்தா புதுசா எண்ண ஊத்தியிருக்குது. மரவள்ளி ஏன் இப்டி மாவுப்பூச்சி புடிச்சிக் குருத்து சுருண்டு போச்சுன்னு இப்ப தெரியுதா? இதத் தோண்டித் தூக்கி எறிஞ்சாத்தான் அடங்கும். அதுக்குத்தான் வண்டிய வரச்சொன்னேன்."

"குழாய் போடறதுக்குன்னு சொன்ன?"

"அதுவுந்தான்." குரலை இறக்கினான். "அப்பா செத்த வாரமும் இதே மாதிரி எண்ண பாத்தேங்க்கா. உங்கிட்ட சொல்லல."

அவன் கண்ணில் பேராசையைத் தேடி வந்திருந்தேன். அங்கே இருந்தது பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய என்னால் முடியவில்லை.

அப்போதுதான் ஓடைப் பக்கம் ஒருத்தி நின்றதைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் பாட்டில். எங்களைக் கண்டதும் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நடையைக் கண்டே ஆளைத் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். தன் சிலேட்டை நான் எச்சில் தொட்டு அழித்ததற்காக என் முடியைப் பிடித்து ஆட்டியவள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு காலனிக்குப் போனேன். தொகுப்பு வீடு, முன்னால் கீற்றுச் சாய்ப்பு. சாய்ப்பின் நிழலில் நைலான் கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தார். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். சீசனில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர் சுமைமேல் ஏறி நின்று, கடைத்தெருவே பார்க்கப் போனவர். இப்போது வயிறு மட்டும்தான் ஆளாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் அதற்கு ஒட்டுப்போட்டதுபோல் இருந்தன.

"வாங்கம்மா. பெரியவரு பொண்ணுதானே? எழுந்து நிக்கத்தான் முடியல, மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. உக்காருங்க."

அவள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாய்க்குப் புடிச்சதக் குடுங்கன்னு சொல்லி ஆஸ்பத்திரியில அனுப்பி வச்சிட்டாங்க" என்றாள்.

"பீடிதான் புடிச்சது. கேட்டா குடுக்க மாட்டேங்கறா. இனிமே ஒடம்புக்கு ஆவாதாமா! நீங்களே கேளுங்க இந்த நாயத்த."

"சும்மா கெட. வந்தவங்க முன்னால…"

"பாத்தீங்களா? சாவறவனையும் அடக்கறா."

நான் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்தான் பேசினார், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு விட்டு.

"மலையில இருந்து ட்ரால்லியில கட்ட வரும். தட்டுல ஏத்தி, திருப்பி, அந்தாண்ட தள்ளணும். தள்ளினதெல்லாம் எங்க ஆளுங்கதான். மாடு கட்டினா மாட்டுக்குத் தீனி வெக்கணுமே." சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "எங்க தாத்தன் காலத்துல ஒருத்தன் வேலையிலயே செத்துட்டான். கட்ட உருண்டு. அவனை அந்த ட்ரால்லியிலயே வச்சித் தள்ளிக்கினு வந்து, தட்டுல திருப்பி, ஓடைக்கரையில பொதச்சாங்க. அப்பலருந்து எங்கள்ல யாரு செத்தாலும் அப்டித்தான். லைனு இருந்த வரைக்கும் ராசா மாதிரி வண்டியிலதான் போனோம். அப்பறம் வெள்ளக்காரன் மேல தெரிஞ்சதையெல்லாம் புடுங்கிக்கினு போயிட்டான். மண்ணுக்குள்ள போனத வுட்டுட்டான். தட்டு கனம், அசைக்க முடியல. நாங்களும் வுடல."

"இன்னும் திரும்புதா அது?"

"திருப்பினா திரும்பும். எண்ண வோணும்."

அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "செத்தப்பறம் ஊத்தினா நேரம் பத்தாதுங்க. முன்னாலயே ஊத்தி ஊறப்போடணும். சாவு எந்த வூடோ அந்த வூட்டுப் பொம்பளைதான் ஊத்தணும். யாரு கண்ணுலயும் படாம போயிட்டு வரணும்."

நான் கட்டிலைப் பார்த்தேன். அவருக்குக் கேட்கிற தூரத்தில் இதைச் சொல்கிறாளே என்று இருந்தது.

"அவருக்கு…"

"அவருதாங்க கேட்டாரு. போன ஞாயித்துக்கெழம. இன்னும் ஊத்தலியாடீன்னு."

கோழி ஒன்று நாற்காலிக்கடியில் வந்து போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, எங்களைப் பேச விட்டாரா, தெரியவில்லை.

அவள் என்னைச் சாய்ப்புக்கு வெளியே கூட்டிப்போனாள்.

"கட்டினவளும் பெத்தவளும் தட்டு வரைக்குந்தாங்க வரலாம். அதுக்கு மேல ஆம்பளைங்கதான். தட்டு வரைக்கும் தலைய முன்னால வச்சித் தூக்கிக்கினு வருவாங்க. அப்ப மூஞ்சி பின்னால வர்ற எங்களப் பாத்துக்கினே வரும். தட்டுல வச்சித் திருப்பினதும் மூஞ்சி ஓடையப் பாத்துடும். அதுக்கப்பறம் அவங்க நம்பளப் பாக்கறதில்ல. நாம திரும்பிடலாம்." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். "பாட்டைய வெட்டிட்டா, ஊரு வழியா வுடமாட்டாங்க. ஓடையில எறங்கித்தான் தூக்கணும். அது கூடப் பரவால்ல, ஆம்பளைங்க தூக்கிடுவாங்க. நான் எதுவரைக்கும் வர்றது? எந்த எடத்துல நிக்கறது? எங்க நின்னா அது என்னைப் பாக்கறத வுடும்? அத்த சொல்லுங்க எனுக்கு."

"வாடீ போடீன்னே பேசுடீ, நாம ஒரே பெஞ்சு" என்றேன், சம்பந்தமில்லாமல்.

"வாய் வரலீங்க" என்றாள்.

மறுநாள் காலை மோட்டார் கொட்டகையில் தம்பியைப் பிடித்தேன். ஓட்டுநர் பல் மாற்ற ஆள் தேடிப் போயிருந்தார். எண்ணெய் எதற்கு என்று சொன்னேன். அவன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பாமல் கேட்டான்.

"போன வருஷம்?"

"போன வருஷம் அவ மாமனாரு போயிருக்காரு. அப்பா போன அதே வாரம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வூட்டுல சாவு. அவ்ளோதான்."

அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு வருஷமாக அவன் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் பயம் போன இடத்தில் பிடிவாதம் வந்து உட்கார அதிக நேரம் ஆகவில்லை.

"சரி. அதுக்கு? நெலத்த வுட்டுடணுமா?"

"நெலத்த இல்ல. பாட்டைய."

"பட்டா இருக்குதுக்கா."

"அப்பா அந்த மேட்டுல ஏர் பூட்டினாரா? ஒரு நாளாவது?"

"பூட்டல. ஏன்னும் சொல்லல. சொல்லாம போயிட்டாரு, இப்ப எனுக்கு வந்து விடியுது." பெட்டியை அறைந்து மூடினான். "நீ இன்னா, இன்னைக்கு இருப்ப, நாளைக்கு பஸ் ஏறிடுவ. எழுதி வேற வப்ப. ஊர்ல குந்திக்கினு பதில் சொல்றவன் நான். நடுக்கொல்லையில பொணத்துக்கு ரோடு வுட்டுருக்கான் பாருன்னு நாலு பேரு சிரிப்பான்."

"ரோடு இருந்துக்கினுதான் இருக்குது. நீதான் வெட்டற."

"அக்கா, உனுக்கு இந்த இரும்புமேல ஆச. பழசக் கண்டா உனுக்கு ஒரு கிறுக்கு வந்துடும். அதான் விஷயம்."

அது பட்டது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. முந்தின நாள் காலையில் பள்ளத்தில் இறங்கி முழம் போட்டபோது, எனக்குள் ஒரு பண்டிகை நடந்தது. மறந்துபோன ஒரு ரயில்பாதையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று. யார் மறந்தது? நாங்கள் மறந்தோம். எங்கள் தெரு மறந்தது. அங்கே அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இரும்ப நீ காயலான் கடையில போட்டுக்கோ" என்றேன். "தட்டும் பாட்டையும் இருக்கணும். வாயால இல்ல. பாட்டைன்னு தனியா அளந்து, தனியா எழுது. மிச்சத்துக்கு விடுதலை எழுதித் தரேன். இல்லன்னா நாளைக்கு நான் வரல."

"மெரட்டறியா?"

"கேக்கறேன்."

"கூடப் பொறந்தவன்கிட்ட பத்திரத்த வச்சிக்கினு கேக்கறதுக்குப் பேரு இன்னா?"

மிரட்டல்தான். என் கையில் அது ஒன்றுதான் இருந்தது. இவ்வளவு வருஷம் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த பங்கு.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. கள்ளக்குறிச்சிக்கு யாரும் போகவில்லை. தம்பி என்னோடு பேசவில்லை. தம்பி பெண்டாட்டி எனக்குச் சாப்பாடு போட்டாள், அவனுக்குச் சாப்பாடு போட்டாள், இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பொக்லைன் பள்ளத்தின் ஓரத்தில் புதுப் பல்லோடு நின்றது.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் காலனியிலிருந்து பறைச் சத்தம் கேட்டது. தம்பி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது. வாய் கொப்பளித்தான். சட்டையை மாட்டினான். "பைப்பு வாங்க கள்ளக்குறிச்சிக்குப் போறேன். வர சாயங்காலம் ஆவும்" என்று எனக்கும் சுவருக்கும் பொதுவாகச் சொன்னான். போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஓட்டுநரிடம் ஏதோ பேசியது தெரிந்தது. பிறகு பைக் கடைத்தெருப் பக்கம் மறைந்தது.

நான் கொல்லைக்குப் போனேன். பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அது தோண்டவில்லை. மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மேலிருந்து சத்தம் போட்டார்.

"மூடச் சொன்னாருங்க! ஏன்னு கேக்காதன்னும் சொன்னாரு! நான் கேக்கலீங்க!"

முன்னும் பின்னும் ஓட்டிச் சக்கரத்தாலேயே அழுத்தினார். பிறகு வண்டியைத் தூர ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குப் பாடை வந்தது. சாமந்தியும் கோழிக்கொண்டையும் கட்டிய மூங்கில் பாடை; தலை முன்னால். பின்னால் பெண்கள். அவள் நடுவில். அழுகை ஓய்ந்த முகம். பாட்டையின் ஓரத்தில் என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பெண்களின் கடைசியில் சேர்ந்து நடந்தேன். மூடிய பள்ளத்தில் மண் இன்னும் மெத்தென்று இருந்தது. தூக்கினவர்கள் அங்கே காலை நிதானமாக வைத்தார்கள்.

தட்டின்மேல் பாடையை இறக்கினார்கள். நான்கு பேர் நான்கு மூலையில் குனிந்து தள்ளினார்கள். தட்டு அசையவில்லை. மறுபடி. முனகியது, அசையவில்லை. பொக்லைன் ஆடிய ஆட்டத்தில் வரப்புமண் சரிந்து ஒரு பக்க விளிம்புக்குள் இறங்கிவிட்டிருந்தது.

"தூக்கியே திருப்பிடலாம்பா. நேரம் ஆவுது" என்றார் ஒரு பெரியவர்.

"தூக்க வாணாம்" என்றாள் அவள். குரல் எழும்பவில்லை, ஆனால் பறை நின்றது. "அஞ்சு நாளா எண்ண ஊத்தினேன். தட்டுதான் திருப்பணும்."

"பொழுது போவுதும்மா."

"போவட்டும். அந்தாளுக்கு இனிமே இன்னா அவசரம்? எந்த லாரிக்கு லோடு ஏத்தப் போறாரு?"

யாரோ ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவள் விளிம்பருகே மண்டியிட்டு, மண்ணைக் கையால் பறிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இரண்டு பக்கத்திலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். தென்னை ஓடு, வளையல் துண்டு, விரல், எது கிடைத்ததோ அதனால். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். தட்டின் விளிம்புக்கும் சுற்று இரும்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளிதான். எண்ணெயில் குழைந்த செம்மண் களிம்புபோல் வந்தது. என் முகத்துக்கு ஒரு முழத்தில் அவர் பாதங்கள், கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டி. வெடிப்பு விழுந்த குதிகால். எத்தனை கரும்புச் சோகைக் காட்டில் நடந்தவை.

ஒருவரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. மலைமேல் வெயில் சாய்ந்து, முகடு கறுத்தது. சுற்றி ஒரு வட்டம் பறித்து முடித்தபோது அவள் எழுந்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை நடுக் குழியில் கவிழ்த்தாள்.

"இப்ப தள்ளுங்க."

தள்ளினார்கள். முதலில் மண் நெரியும் சத்தம். பிறகு இரும்பு, அடித்தொண்டையில், நீளமாக. தட்டு ஒரு விரல் நகர்ந்தது. ஒரு கை. அப்புறம் தானாகவே மனம் வந்ததுபோல் சுற்ற ஆரம்பித்தது. சாமந்தி உதிர உதிர, அவர் முகம் எங்களைப் பார்ப்பதை விட்டது, குருத்து சுருண்ட மரவள்ளிக் கொல்லையைப் பார்த்தது, மலையைப் பார்த்தது, ஓடைப் பக்கம் போய் நின்றது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டு நின்ற பிறகு, "சரி" என்றாள். அவ்வளவுதான். ஆண்கள் தோளில் ஏற்றினார்கள். பறை மறுபடி எழுந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

பாட்டை ஊரும் காலனியுமாகப் பிரிகிற இடத்தில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். மண்ணும் எண்ணெயுமாக இருந்த என் கையைப் பார்த்தாள்.

"வூட்டுக்குப் போனா திட்டப்போறாங்க உன்ன" என்றாள். பிறகு மற்றவர்களோடு போய்விட்டாள்.

தம்பி இருட்டுவதற்கு முன்னாலேயே திரும்பியிருந்தான். பைப் எதுவும் வாங்கி வந்ததாகத் தெரியவில்லை. கிணற்றடியில் மோட்டார் போட்டு, எனக்காகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தான். சாவுக்குப் போய்வந்தவள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. மாற்றுப் புடவை கல்மேல் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"திரும்பிச்சா?"

"திரும்பிச்சு. நேரமாச்சு."

அவன் தலையை ஆட்டினான். தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னமே யாரும் வெட்டமாட்டாங்க. நான் சொல்றேன் இல்ல? அது போதாதா?"

"நீ சொன்னது உன் காலத்துக்கு. உனுக்கப்பறம் வர்றவனுக்கு அது காதுல வுழாது. அப்பா மனசுல வச்சிருந்தது உனுக்கு வுழல பாரு."

"சர்வேயரு வரணும்க்கா. மனு குடுத்து, அவரு நேரம் பாத்து, சங்கிலி புடிச்சி அளந்து… மாசக்கணக்கா ஆவும்."

"ஆவட்டும்" என்றேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மனு எழுதினோம். நான் சொல்ல, அவன் எழுதினான். 'பாட்டை' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான்; என்ன பாட்டை என்று போடுவது என்று கேட்டான். எதற்குப் பயன்படுகிறதோ அதை அப்படியே போடு என்றேன். 'பிணம் போகும்' என்ற அந்த இரண்டு சொல்லை எழுத அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுதினான். விடுதலைப் பத்திரம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. கையெழுத்து இடம் காலி. சர்வேயர் இன்னும் வரவில்லை.